மறு: மருந்து செய்யும் மாறாட்டத்துக்கு ஒரு சொல்

> 'பொய் நேர்மறை' பரவிவிட்டது, அதுவே இருக்கட்டும். இல்லையென்றால் 'பொய்யிருப்பு', 'பொய்யின்மை' என்று இணையாக வைக்கலாம்.

ஐயா, வணக்கம். சாப்பிட்ட மருந்தால் சோதனை இல்லாததை இருப்பதாகவோ (false positive), இருப்பதை இல்லாததாகவோ (false negative) காட்டுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றுதானே பேசுகிறோம்.

'பொய்யின்மை' வேண்டாம். படிப்பவர் அதை வாய்மை என்றுதான் எடுத்துக்கொள்வார். 'நேர்மறை'யும் எனக்கு உறுத்துகிறது. ஆய்வகத் தாளில் அந்தச் சொல்லைப் பார்த்த பெரியவர் ஒருவர், "அப்படியென்றால் நல்லதுதானே?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

தவிர, இவை விளைவுக்குத்தான் பெயர்; காரணத்துக்கு அல்ல. சிறுநீரில் போதைப்பொருள் தேடும் முதற்கட்டச் சோதனையில், எதிர்ப்பொருள் (antibody) என்னும் புரதம், தேடும் மூலக்கூறை அதன் வடிவத்தைப் பார்த்துப் பற்றிக்கொள்கிறது; வடிவம் ஒத்திருந்தால் வேறு மருந்தையும் பற்றிவிடும். லெவோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சாப்பிட்டவரிடம் அபின் வகை இருப்பதாகக் காட்டக்கூடும். இரத்த அழுத்தத்துக்கு லேபிடலால் சாப்பிடும் கர்ப்பிணியிடம் ஆம்ஃபிட்டமின் இருப்பதாகக் காட்டக்கூடும். தேர்வு அறையில் ஒருவருக்காக இன்னொருவர் உட்கார்ந்தால் ஆள்மாறாட்டம் என்கிறோமே, அதுதான் இது. மாறாட்டத்துக்குத் தடுமாற்றம் என்றும் பொருள் உண்டு; ஏமாந்த எதிர்ப்பொருளுக்கும் பொருந்தும். ஆகவே 'மாறாட்ட வினை' என்று முன்மொழிகிறேன். ஆங்கிலத்தின் cross-reaction-ஐ அப்படியே 'குறுக்கு வினை' என்றால் எது எதற்குக் குறுக்கே என்று விளக்க இன்னொரு பத்தி எழுத வேண்டும்.

வைட்டமின் சி மட்டும் இதில் அடங்காது. அதை நிறையச் சாப்பிட்டவரின் சிறுநீரைப் சர்க்கரையைக் கண்டறியும், செம்பு கலந்த பெனடிக்ட் கரைசலில் விட்டுச் சூடாக்கினால், அதுவே செம்பை ஒடுக்கி, நீலத்தைப் பச்சையாக்கி, இல்லாத சர்க்கரையைக் காட்டும். அப்படிப்பட்டவரின் சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்பை நனைத்தாலோ, நிறம் தர வேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடை வைட்டமின் சி தின்றுவிட்டு, சர்க்கரை இருந்தாலும் மறைத்துவிடும். ஒரே மாத்திரை, எதிரெதிரான இரண்டு பொய்கள்! யாரைப் போலவும் அது வேடம் போடவில்லை. சோதனைக்குள் புகுந்து கெடுக்கிறது. அதற்குக் 'குறுக்கீடு' போதும்.

நீரிழிவு மருந்தான டபாகிளிஃபிளோசினை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதே அதன் வேலை. ஸ்டிரிப் சொல்வது மெய். நோய் முற்றிவிட்டது என்று பதறுவது நாம். அதன்மேல் 'பொய்' என்று ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

---

> ஆகவே 'மாறாட்ட வினை' என்று முன்மொழிகிறேன்.

எனக்குச் சம்மதம். ஆனால் நீங்கள் 'எதிர்ப்பொருள்' என்று எழுதியது இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்குப் 'பிறபொருளெதிரி'. 'எதிர்ப்பொருள்' என்றால் எதற்கு எதிர் என்று நானும் கேட்பேன். கடைசி மருந்துக்கு 'மருந்துவழிச் சர்க்கரை' என்று எழுதினால் என்ன? பொய்யும் இல்லை, பதற்றமும் இல்லை.