மன்னார், 1544: சங்கிலி மன்னன் தண்டித்தது கிறிஸ்தவ வேதத்தையா, அரசத் துரோகத்தையா?

வங்காலையான்:
மன்னார்த் தீவில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி 1544இல் கொல்வித்ததை, இங்கே பலர் அந்நியருக்கு எதிரான தற்காப்பு என்றே எழுதி வருகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. அம்மக்கள் தாமாகவே ஆள் அனுப்பிப் புனித சவேரியாரை அழைத்தார்கள். அவரால் வர இயலாததால் வேறொரு குருவை அனுப்பினார். கொல்லப்பட்டோர் அறுநூறு பேர் என்று கூறும் வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலை, பாதிரிமார் எழுதியதன்று. டச்சுக்காரர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றியது. வேதத்தில் சேர்ந்ததைத் தவிர அந்தக் கடற்கரை மக்கள் செய்த குற்றம் என்ன?

நல்லூர் வாசகன்:
படுகொலை நடந்ததை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் அரசன் கண்டது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 1535 முதல் 1537 வரையான காலத்தில் எதிர்க்கரையான தமிழகக் கடற்கரையிலிருந்த பரதவர் திரளாக மதம் மாறியபோது போர்த்துக்கேயரின் பாதுகாப்பையும் சேர்த்தே ஏற்றார்கள். அதன்பின் அங்கே முத்துக் குளிப்பு போர்த்துக்கேயக் கப்பற்படையின் கைக்குள் போயிற்று. கீழைநாடுகளில் திருச்சபையை நடத்தும் உரிமையைப் பாப்பரசர் போர்த்துக்கல் மன்னருக்கே வழங்கியிருந்தார். 1543இல் போர்த்துக்கேய ஆளுநர் மார்ட்டிம் அபோன்சோ த சூசா படையைக் காட்டி மிரட்டியதால் சங்கிலி திறை கொடுக்க இணங்க நேர்ந்தது. அதற்கடுத்த ஆண்டே, முத்துப் படுகைகளை ஒட்டிய மன்னாரில் அதே வேதம் வேரூன்றுவதைக் கண்ட அரசன், தன் குடிகள் இன்னொரு மன்னனின் குடிகளாகிறார்கள் என்றே கருதியிருப்பான்.

வங்காலையான்:
அந்த இன்னொரு மன்னன் இவர்களைக் காத்தானா? சங்கிலியைத் தண்டிக்கப் படை அனுப்புமாறு சவேரியார் மன்றாடினார். 1545இல் திட்டமிடப்பட்ட படையெடுப்பு, பர்மாவின் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி அதன் சரக்கு சங்கிலியின் கையில் சிக்கியதால் கைவிடப்பட்டது. சரக்கை மீட்பது அவர்களுக்குப் பெரிதாயிற்று, செத்தவர்களுக்காகக் கேட்பாரில்லை. இப்படி நாதியற்றுக் கிடந்தவர்களைப் பறங்கியரின் கையாட்கள் என்று இன்றும் எழுதுவது மிகவும் கொடுமை.

நல்லூர் வாசகன்:
1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகான்சா கடற்படையுடன் வந்து யாழ்ப்பாணத் தலைநகரான நல்லூருக்குள் புகுந்தார். அங்கிருந்து பின்வாங்க நேர்ந்தபோதும் மன்னார் அவர்கள் வசமே நின்றது. 1619இல் அரசே வீழ்ந்தது. கடைசி மன்னன் கோவாவில் கொல்லப்பட்டான். அச்சம் கற்பனையன்று.

கடலோடி:
அச்சம் உண்மையானால் தண்டனை நியாயமாகிவிடுமா? கண்டி அரசைப் பாருங்கள். 1692இல் கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு யோசேவாஸ் அடிகளார் போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். பின்னர் கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை விடுவித்தான். 1697இல் பெரியம்மை பரவியபோது அடிகளார் நோயாளரைப் பேணியதைக் கண்டு, சமயப் பணிக்கு முழு உரிமையும் அளித்தான். இவ்வளவும், டச்சுக்காரர் தம் ஆட்சிப் பகுதியில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில் நடந்தவை.

நல்லூர் வாசகன்:
1658இலேயே போர்த்துக்கேயர் இலங்கையை விட்டுத் துரத்தப்பட்டுவிட்டார்கள். கண்டிக்கு அப்போது எதிரி டச்சுக்காரர். சங்கிலிக்கு அந்த வசதி இருக்கவில்லை.

கடலோடி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறை கேட்டு மிரட்டியவர்களோடு சங்கிலி இணங்கிப் போனான்; வாளை உருவியது தன் குடிகள்மீது. அரசியல் தேவை என்ற விளக்கம், அவன் யாரைக் கண்டு அஞ்சினான் என்பதைச் சொல்கிறது. யாரை ஏன் கொன்றான் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.