எல்.ஏ. நுவார்: ஃபெல்ப்ஸ் ஏன் எல்சாவைத் தேடிப் போனான், பெயர்ப்பட்டியலுக்குப் பின் வரும் கப்பல் காட்சி எதற்கு?

மழைக்காலன் கேட்டது:

வணக்கம். 2011-இல் வெளிவந்த எல்.ஏ. நுவார் என்ற துப்பறியும் வீடியோ விளையாட்டை அதன் 2017 மறுவெளியீட்டில் சென்ற வாரம்தான் முடித்தேன். முடிவு வரைக்குமான கதையை இங்கே பேசப் போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இந்த இழையை இத்துடன் மூடிவிடுவது நல்லது.

1947-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் ரோந்துக் காவலனாகத் தொடங்கும் கோல் ஃபெல்ப்ஸ் போக்குவரத்து, கொலை, வைஸ் (விபச்சாரம், சூது, போதைப்பொருள் குற்றங்களைக் கவனிப்பது) என்று ஒவ்வொரு பிரிவாக ஏறி, ஒரே நாளில் தீவைப்புப் பிரிவுக்குத் தள்ளப்படும் வரை கதை தெளிவாகவே இருக்கிறது. எனக்குச் சிக்கல் மூன்று இடங்களில். சட்டப்புத்தகத்தை வரி பிசகாமல் பின்பற்றுகிறவனும், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உள்ளவனுமான ஃபெல்ப்ஸ், ப்ளூ ரூம் விடுதியில் பாடும் எல்சாவிடம் போனதற்குக் காரணமாக எதையுமே கதை சொல்லவில்லையே, ஏன்? வைஸ் பிரிவில் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்த ராய் ஏர்ல் அவனைக் காட்டிக்கொடுத்தது வெறும் பொறாமையாலா? பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு, கப்பலில் மரைன் படை வீரர்கள், ஃபெல்ப்ஸோடு போரில் இருந்த ஜாக் கெல்சோவிடம் பேசும் சிறு காட்சியை எதற்காக அங்கே வைத்தார்கள்? அதைப் பார்த்தபோது எனக்கு முன்கதையில் ஒரு துண்டு இடம் மாறி வந்துவிட்டதுபோல்தான் தோன்றியது.

வழக்குகளின் நடுவே கிடக்கும் செய்தித்தாள்களில் பாதியைத்தான் எடுத்துப் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நடுநிசி எழுதியது:

உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மொத்தம் 13 செய்தித்தாள்கள். ஒவ்வொன்றையும் எடுத்தால் ஃபெல்ப்ஸ் அறியாத ஒரு காட்சி ஓடும். நம் கையில் இருப்பவனுக்குத் தெரியாதது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவற்றை விட்டுவிட்டால் நாமும் ஃபெல்ப்ஸைப் போலவே இருட்டில் நடக்க வேண்டியதுதான். குற்றவாளிகளின் நோக்கம் விசாரணை அறையில் வெளிப்படுவதைவிட அந்தத் தாள்களில்தான் அதிகம் வெளிப்படுகிறது என்பது இந்த விளையாட்டின் விசித்திரம்.

இழையை ஃபெல்ப்ஸ் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ஒகினாவாவிலிருந்து பிடித்தால்தான் பிடி கிடைக்கும். ஃபெல்ப்ஸுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வாங்கித் தந்த ஷுகர் லோஃப் குன்றில், அவன் செய்த வீரச்செயல் என்று ஒன்றும் இல்லை. உடனிருந்தவர்கள் எல்லோரும் மடிந்த இரவில் அவன் குழிக்குள் உறைந்து கிடந்து உயிர்பிழைத்தான். பிறகு ஒரு குகையைக் கொளுத்தும்படி தீ உமிழும் கருவியைச் சுமந்த ஐரா ஹோகெபூமுக்குக் கட்டளையிடுகிறான். உள்ளே இருந்தவர்கள் பொதுமக்கள். அதைப் பொறுக்கமாட்டாத மருத்துவ உதவியாளன் கோர்ட்னி ஷெல்டன் ஃபெல்ப்ஸை முதுகில் சுடுகிறான். ஊருக்குத் திரும்பியவன் பதக்கத்தோடு திரும்பினான். ஆனால் அது எப்படி வந்தது என்பதை அறிந்த ஒரு படைப்பிரிவே அதே நகரத்தில் நடமாடுகிறது.

அதே படைப்பிரிவினர்தான் கூல்ரிட்ஜ் என்ற கப்பலிலிருந்து இராணுவத்தின் உபரி மார்ஃபினைத் திருடுகிறார்கள். ஷெல்டன் மருத்துவ மாணவன், மனசாட்சி உள்ளவன். சரக்கை என்ன செய்வதென்று தெரியாமல் தான் மதிக்கும் மனநல மருத்துவர் ஹார்லன் ஃபொண்டெய்னிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். போரில் மனம் சிதைந்த ஐராவையும் அதே மருத்துவரிடம் அவனே அழைத்துப் போகிறான். நல்லெண்ணத்தோடு செய்த இந்த இரண்டு காரியங்களிலிருந்துதான் பின்னால் வரும் அத்தனை சாவும் கிளைக்கிறது. ஃபொண்டெய்னின் கையில் ஒரு பக்கம் மார்ஃபின், இன்னொரு பக்கம் நெருப்பைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு நோயாளி. காலி வீடுகள் என்று நம்பி ஐரா கொளுத்துகிறான். உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன. ஒகினாவாக் குகை அப்படியே மறுபடி நிகழ்கிறது, கட்டளையிடுகிறவன் மட்டும்தான் வேறு ஆள். தீவைப்பு வழக்குகளில் காகிதத்தில் மடித்த கொக்கு ஒன்று கண்ணில் பட்டிருக்குமே, அதன் பொருள் இந்தத் தொடர்ச்சி தெரிந்த பிறகுதான் உறைக்கும்.

இனி கப்பல் காட்சிக்கு வருகிறேன். மார்ஃபினைத் திருடும் திட்டத்தை ஷெல்டனும் மற்றவர்களும் கெல்சோவிடம் சொல்கிறார்கள். அவன் சேர மறுக்கிறான். ஆனால் தடுக்கவும் இல்லை, மேலிடத்துக்குத் தெரிவிக்கவும் இல்லை. விளையாட்டின் கடைசிப் பகுதியில் நம் கட்டுப்பாடு ஃபெல்ப்ஸிடமிருந்து கெல்சோவுக்கு மாறி, கறைபடாத கைக்குக் கதை வந்துவிட்டது என்று நாம் நிம்மதியடைகிறோம் அல்லவா? அந்த நிம்மதியைப் பறிப்பதற்காகவே காட்சி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் வாசிப்பு. தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் கெல்சோவை நாம் நம்பியிருக்கவே மாட்டோம்.

கரிக்கோல் எழுதியது:

நடுநிசி சொன்ன தொடர்ச்சியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்சா விவகாரத்தில் நோக்கம் மறைத்து வைக்கப்படவில்லை, எழுதாமலே விடப்பட்டது என்றே கருதுகிறேன். ஃபெல்ப்ஸின் மனைவி மேரியை நாம் எத்தனை முறை பார்த்தோம்? வீட்டில் அவன் எப்படி இருப்பான் என்பதே நமக்குத் தெரியாதபோது, அந்த வீட்டை அவன் உடைப்பது எப்படி நம்மைப் பாதிக்கும்? திருட்டு, மோசடி என்ற இரண்டு பிரிவுகளையும் அவற்றின் வழக்குகளையும் தயாரிப்பின்போதே வெட்டிவிட்டார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. அந்தத் தழும்பு கதையில் வெளிப்படையாகவே தெரிகிறது. எல்சாவின் வீட்டுக்குள் அவன் நுழைந்த பிறகு இருவரும் என்ன பேசினார்கள் என்று நமக்குக் காட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அதைவிட, யாரும் கேட்காத ஓர் இடத்தைக் காட்டுகிறேன். கொலைப்பிரிவில் ஒவ்வொரு வழக்கிலும் நாம் யாரையோ கைது செய்கிறோம், மேலதிகாரி டானலி முதுகில் தட்டிக்கொடுக்கிறார், கடைசியில் உண்மைக் கொலைகாரன் காரெட் மேசன் என்று தெரிகிறது. 1947 ஜனவரியில் எலிசபெத் ஷார்ட் கொல்லப்பட்ட நிஜ வழக்கு இன்றளவும் தீராதது. அந்த வெற்றிடத்தில் கற்பனைக் கொலைகாரன் ஒருவனை வைத்திருக்கிறார்கள். அவன் ஒரு பெரிய அரசியல் புள்ளிக்குப் பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான சகோதரன் என்பதால் விஷயம் வெளியே போகக்கூடாது என்றும், சிறையில் இருப்பவர்கள் ஓசையின்றி விடுவிக்கப்படுவார்கள் என்றும் டானலி சொல்கிறார். ஃபெல்ப்ஸ் வாயை மூடிக்கொள்கிறான். அடுத்த காட்சியில் வைஸ் பிரிவுக்குப் பதவி உயர்வு. அந்த உயர்வை நான் மௌனத்தின் கூலியாகத்தான் பார்க்கிறேன். முதல்முறை விளையாடியபோது பெருமையோடு அந்தப் பதவியை வாங்கிக்கொண்டது இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மழைக்காலன்:

இருவருக்கும் நன்றி. மேசன் வழக்கையும் பதவி உயர்வையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அப்படியென்றால் ஃபெல்ப்ஸின் மௌனமும் கப்பலில் கெல்சோவின் மௌனமும் ஒரே தராசில் வரவேண்டியவை போலத் தோன்றுகிறதே. ஏர்ல் பற்றி யாராவது சொல்ல முடியுமா? கதையில் வரும் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து எதற்காக வீடுகளைக் கட்டி, எதற்காகக் கொளுத்தினார்கள் என்பதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

பழைய பேனா எழுதியது:

நான் காப்பீட்டுத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன்; ஆகையால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதியே மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் இந்தக் கணக்குதான். கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்தருளவும்.

போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லி ஒரு நிதியம் அமைக்கிறார்கள். அதில் கட்டுமான முதலாளி லீலண்ட் மன்றோ, மருத்துவர் ஃபொண்டெய்ன், கலிபோர்னியா ஃபயர் அண்ட் லைஃப் என்ற கற்பனைக் காப்பீட்டு நிறுவனத்தின் துணைத்தலைவர் கர்டிஸ் பென்சன், நகரத்தின் மேல்மட்டப் புள்ளிகள் சிலர் எல்லோரும் இருக்கிறார்கள். கட்டப்படும் வீடுகளோ மட்டமான மரத்தில் நிற்பவை. யாரும் நிலையாகக் குடியிருக்கக் கட்டியவை அல்ல. புதிய நெடுஞ்சாலை போகவிருக்கும் பாதை இவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பாதையில் வெறும் நிலம் இருந்தால் நில ஆர்ஜிதத்தில் கிடைக்கும் தொகை குறைவு. வரிசையாக வீடுகள் இருந்தால், அவற்றின் மதிப்பை ஏற்றி எழுதியிருந்தால், அரசு தரவேண்டிய இழப்பீடு பல மடங்கு. மதிப்பை ஏற்றி எழுதுவதற்குத்தான் பென்சன். பாதையில் விற்க மறுத்து உட்கார்ந்திருக்கும் பழைய வீட்டுக்காரர்களை அப்புறப்படுத்துவதற்குத்தான் நெருப்பு, அந்த நெருப்புக்குத்தான் ஃபொண்டெய்னின் நோயாளி. வெந்நீர்க் கொதிகலன் வெடித்தது என்று வழக்கு எரிவாயுவின் பக்கம் திரும்பிவிடும்.

இப்போது ஏர்ல். பொறாமை என்று சொன்னால் அவனை மிகவும் எளிமையாக்கிவிடுகிறோம். வைஸ் பிரிவே விபச்சாரத் தொழிலுக்குக் காவல் நிற்கிறது என்ற ஊழல் வெளியே கசியும் நிலை வருகிறது. பத்திரிகைக்கு அதைவிடச் சுவையான தீனி ஒன்று உடனே வேண்டும். பதக்கம் வாங்கிய போர்வீரன், நகரத்தின் செல்லப் பிள்ளையான துப்பறிவாளன், மனைவியை விட்டுவிட்டு ஒரு ஜெர்மானியப் பாடகியிடம் போகிறான் என்பதைக் காட்டிலும் நல்ல தீனி எது? 1947-இல் ‘ஜெர்மானிய’ என்ற சொல்லுக்கு இருந்த எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்ல் அந்தச் செய்தியை மேலிடத்துக்கு விற்கிறான், கைமாறாக நிதியத்துக்காரர்களின் வட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வாங்கிக்கொள்கிறான். ஃபெல்ப்ஸின் புகழ் எந்த அளவுக்கு உயர்ந்ததோ அந்த அளவுக்கு அவன் விலையும் உயர்ந்தது, அவ்வளவுதான். நிஜ வரலாற்றிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் வைஸ் பிரிவு 1940-களின் இறுதியில், விபச்சாரத் தொழில் நடத்திய பிரெண்டா ஆலனின் விவகாரத்தில் இப்படியே சந்தி சிரித்தது. விளையாட்டு ஆண்டைச் சற்று முன்தள்ளிக்கொண்டிருக்கிறது.

கரிக்கோலுக்கு ஒரு மறுப்பு. எல்சாவைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரியல்ல என்பது என் எண்ணம். காட்சி குறைவு என்பது உண்மைதான். ஆனால் தடயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எல்சாவின் நண்பர் லூ புக்வால்டர் கட்டுமான இடத்தில் இறந்துபோகிறார். அதற்காகக் காப்பீட்டு நிறுவனம் 20,000 டாலர் கொடுக்க முன்வருகிறது. ஒரு கூலித் தொழிலாளியின் சாவுக்கு, யாரும் கேட்காமலே, அவ்வளவு பெரிய தொகையை எந்த நிறுவனமும் எடுத்து நீட்டாது. என் அனுபவத்தில் கேட்டவர்களையே பத்துமுறை நடக்க வைப்பார்கள். ஃபெல்ப்ஸ் அதைப் புரிந்துகொள்கிறான். பணத்தை ஏற்க வேண்டாம் என்று சொல்லி, அந்நிறுவனத்தில் இழப்பீட்டு விசாரணையாளனாக இருக்கும் கெல்சோவிடம் போகும்படி எல்சாவை அனுப்புகிறான். தன்னைத் துளியும் மதிக்காத, ஒகினாவாவில் தன் தவறுகளை அருகிலிருந்து கண்ட ஒருவனை ஏன் தேர்ந்தெடுத்தான்? விலைக்கு வாங்க முடியாதவன் என்று இந்த நகரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே ஆள் கெல்சோ. அவனிடம் தானே போய் நிற்கும் துணிவு ஃபெல்ப்ஸுக்கு இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் எல்சாவிடம் அவனுக்கு இருந்த ஈர்ப்பும் கொஞ்சம் துலங்குகிறது. ப்ளூ ரூமில் ஏர்ல் அவளைப் போதைக்கு அடிமை என்று இழிவாகப் பேசுவதை அவன் நின்று பார்க்கிறான். நகரம் முழுதும் அவனை வீரன் என்று கொண்டாடுகிறது, வீட்டிலும் அந்த வீரனைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எல்சா ஒருத்தியிடம்தான் அந்தப் பதக்கம் செல்லாக்காசு. இது என் ஊகம்தான், ஆனால் கதைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த ஊகம் அல்ல.

கரிக்கோல்:

20,000 டாலர் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் வெறும் கதை நகர்த்தும் உத்தி என்று கடந்துவிட்டேன். மேரியைக் காட்டாதது குறைதான் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

நடுநிசி:

மழைக்காலன் தராசைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு சொல். ஃபெல்ப்ஸின் கணக்கு வெள்ளம் பாயும் சுரங்கத்தில் தீர்ந்துவிடுகிறது: எல்சாவையும் கெல்சோவையும் மேலேற்றிவிட்டு அவன் அடித்துச் செல்லப்படுகிறான். கெல்சோவின் கணக்கோ தீரவே இல்லை. உள்ளே ஐராவைச் சுட்டுக் கொன்றவனும் அவன்தான் என்பதை மறக்க வேண்டாம். மார்ஃபின் கப்பலைவிட்டு இறங்காமல் இருந்திருந்தால் ஷெல்டன் ஃபொண்டெய்னிடம் போயிருக்க மாட்டான், ஐராவும் போயிருக்க மாட்டான்.

மறுபடி விளையாடும்போது இறுதிச் சடங்குக் காட்சியைத் தள்ளிவிடாமல் பாருங்கள். காட்டிக்கொடுத்த ஏர்லே எழுந்து நின்று இரங்கலுரை வாசிக்கிறான். எல்சா பொறுக்கமாட்டாமல் பாதியிலேயே வெளியேறுகிறாள். கெல்சோ இருக்கையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயர்ப்பட்டியல் முடியும் வரை காத்திருங்கள். கப்பலில் அவன் முகம் எப்படி இருந்தது என்று அப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மழைக்காலன்:

இன்றிரவே முதல் வழக்கிலிருந்து தொடங்குகிறேன். இந்த முறை 13 தாள்களையும் எடுக்காமல் எந்த வழக்கையும் மூடப் போவதில்லை.