படம் முடிந்த பிறகு பிள்ளைகள் கேட்டவை

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்க்கிறவர்கள், அதன் பிறகு வீட்டில் நடந்த பேச்சை எழுதுங்கள். என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

1994-ல் வெளிவந்த 'தி லயன் கிங்' படத்தை என் ஆறு வயது மகனோடு பார்த்தேன். நான் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் சாவுக்கு நீதான் காரணம் என்று சித்தப்பா ஸ்கார் நம்பவைக்க, செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு சிங்கக்குட்டி சிம்பா ஓடிப்போகிறான் அல்லவா? ஏதேனில் ஆதாம் ஒளிந்துகொண்டதையும், "நீ எங்கே இருக்கிறாய்" என்று தேவன் அவனைக் கூப்பிட்டதையும் அந்த இடத்தோடு சேர்த்துச் சொல்ல நினைத்திருந்தேன். படம் முடிந்ததும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்றேன். "கீழ்ப்படிய வேண்டும்" என்றான். ஞாயிறு பள்ளியில் எந்தக் கதைக்கும் பொருந்துகிற பதில் அது.

இரவு விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா, பாட்டியும் நட்சத்திரத்தில் இருக்கிறார்களா?"

மறைந்த ராஜாக்கள் நட்சத்திரங்களிலிருந்து நம்மைப் பார்க்கிறார்கள் என்று சிம்பாவின் அப்பா முஃபாசா மகனிடம் சொல்லும் காட்சி அந்தப் படத்தில் வருகிறது. என் அம்மா காலமாகி அப்போது மூன்று மாதம்தான். நான் சட்டென்று, "இல்லை, அது வெறும் கதை, பைபிளில் அப்படி எதுவும் இல்லை" என்றேன். சரியான பதில்தான். ஆனால் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து விளக்கைப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாட்டி ஞாபகமாக இருக்கிறதா?" என்றதும் தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு பொருளை எடுத்தான். அம்மாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு. காணவில்லை என்று நான் அலமாரியெல்லாம் தேடிக்கொண்டிருந்தது. உள்ளே கண்ணாடியும், அதைத் துடைக்கும் மஞ்சள் துணியும் அப்படியே இருந்தன. மூன்று மாதமும் அதன்மேல்தான் தலைவைத்துத் தூங்கியிருக்கிறான்.

இருவரும் அழுதோம். பிறகு "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்ற வசனத்தை வாசித்தேன். 147-ஆம் சங்கீதத்தில், தேவன் நட்சத்திரங்களை எண்ணி ஒவ்வொன்றுக்கும் பேரிட்டு அழைக்கிறார் என்று வருகிறது. அதையும் காட்டி, "நட்சத்திரங்களுக்குப் பேர் வைத்தவரிடம்தான் பாட்டி இருக்கிறார்கள்" என்றேன். "அப்படியென்றால் பாட்டியின் பேரும் அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டை மறுபடி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

இப்படிப்பட்ட படத்தையே காட்டியிருக்கக் கூடாது என்று எங்கள் ஜெபக் குழுவில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தக் காட்சி இல்லாவிட்டால் அந்தக் கூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தே இருக்காது.

———

சகோதரி, உங்கள் மகனாவது நீங்கள் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டான். என் மகள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை.

'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்', 1998-ல் வந்த படம். இது வேதாகமத்தில் மோசேயின் கதையைச் சொல்லும் யாத்திராகமத்தைத் தழுவியது, கதையில் சில மாற்றங்கள் உண்டு என்று அந்தப் படமே தொடக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. அதனால் மாற்றங்களைக் கண்டுபிடிப்பதை விளையாட்டாக வைத்துக்கொண்டோம். மகளுக்கு ஒன்பது வயது. மடியில் வேதாகமம், கையில் பென்சில். குழந்தை மோசேயைத் தண்ணீரிலிருந்து எடுப்பது படத்தில் ராணி, வேதத்தில் எகிப்து ராஜாவான பார்வோனின் குமாரத்தி. படத்தில் பார்வோனுக்கு ராம்சேஸ் என்று பேர் உண்டு, வேதம் அந்தப் பார்வோனின் பேரைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் ஓரத்தில் குறித்தாள்.

எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகிற பத்தாவது வாதை வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. பார்வோன் இறந்த மகனைக் கிடத்துகிறான். "அப்பா, அந்தச் சின்னப் பையன் என்ன தப்பு செய்தான்?"

எபிரெய ஆண் குழந்தைகளை நதியில் போடச் சொன்ன கட்டளையைச் சொன்னேன். அதற்கு முன் ஒன்பது வாதைகளை அனுப்பி எச்சரித்ததைச் சொன்னேன். "அதெல்லாம் பெரியவர்கள் செய்தது. அவன் செய்யவில்லையே" என்றாள். நான் பேச்சை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. "எனக்கும் இது பாரமாகத்தான் இருக்கிறது" என்றேன். துன்மார்க்கனுடைய மரணத்தைக்கூடத் தேவன் விரும்புவதில்லை என்று எசேக்கியேலில் இருப்பதை வாசித்தோம். அவளே கொஞ்சம் கழித்து, "மோசேயும் வெளியே வந்து அழுகிறார், அப்பா" என்றாள். படத்தில் அப்படித்தான்: விடுதலை கிடைத்த நேரத்தில் மோசே சுவரோரம் சரிந்து அழுகிறார். அந்த ஒரு காட்சிக்காக அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

யாத்திராகமம் 12-ன் ஓரத்தில் அவள் போட்ட கேள்விக்குறி இன்னும் இருக்கிறது. நான் அழிக்கவில்லை.

———

நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. "யாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது?" என்று கேட்கிறேன். தாவீது ராஜா செய்த பாவத்தை உணர்த்த வந்த தீர்க்கதரிசி நாத்தான், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைத்தான் முதலில் சொன்னார். ராஜா அந்த ஏழைக்காகக் கொதித்தெழும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்றார்.

2005-ல் வந்த நார்னியா படத்தை வகுப்பில் பார்த்தோம். எட்மண்ட் என்ற சிறுவனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் சாகிற இடத்தைப் பேசத்தான் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். வழக்கமான கேள்வியைக் கேட்டதும், பின்வரிசையில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன், "எட்மண்டைப் பார்த்துத்தான்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன்தானே கூடப்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்தவன்! இவன் விடவில்லை. "அவனை எப்போதும் அண்ணன் திட்டிக்கொண்டே இருக்கிறான். சூனியக்காரிதான் முதலில் அவனிடம் அன்பாகப் பேசினாள்."

அஸ்லானைப் பற்றி அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று ஜெபித்து வகுப்பை முடித்தேன். நாற்காலிகளை அடுக்க அவனை மட்டும் உதவிக்கு நிறுத்திக்கொண்டேன். முதல் நான்கைந்து நாற்காலிவரை பேசவில்லை. பிறகு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவன் என்னை நம்பிச் சொன்னது.