லெனேசியா கல்யாணத்துக்கு எந்தக் காரில் போவது?

குழு: அம்மா வழிச் சொந்தங்கள் (தென்னாப்பிரிக்கா: டர்பன் – லெனேசியா)

ருக்மணி பெரியம்மா: வெள்ளிக்கிழமை மாலை நலங்கு. எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்? இருட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிடுங்கள்.

மோகன்: விடியற்காலையிலேயே கிளம்புகிறோம் பெரியம்மா. புதுக் காரில் ஏழு பேருக்கும் இடம் இருக்கிறது. அம்மாவையும் சிவா மாமாவையும் நானே அழைத்து வருகிறேன்.

வனிதா: பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். வீட்டில் சொல்லி இவர் கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். நேற்று அந்தக் காருக்கு ரீகால் செய்தி வந்திருக்கிறது, குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்பக் கூப்பிடுகிறது. பெட்ரோல் குழாயில் விரிசல் விழலாம், கசியலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

மோகன்: ஷோரூமுக்கு உடனே போன் செய்தேன். உதிரிபாகம் வர இரண்டு வாரமாவது ஆகுமாம். அதுவரை ஓட்டலாமா என்று கேட்டேன். பெட்ரோல் வாசனை வந்தால் மட்டும் நிறுத்துங்கள் என்றார்கள். எந்த வாசனையும் இல்லை. கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

சிவா: மோகன், எந்தக் குழாய் என்று எழுதியிருக்கிறார்கள்? தொட்டியிலிருந்து வருவதா, இன்ஜின் மேல் இருப்பதா?

மோகன்: உயர் அழுத்த பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர் பக்கம் போகும் குழாய் மாமா.

சிவா: அப்படியென்றால் அந்தக் காரை வெள்ளிக்கிழமை எடுக்காதே. தொட்டிக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலை நாலைந்து பார் (அழுத்தத்தின் அளவு) அழுத்தத்தில்தான் தள்ளும். இன்ஜின் மேல் இருக்கும் இரண்டாவது பம்ப் அதையே 200 பாருக்கு மேல் ஏற்றும். அந்தக் குழாயில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் பெட்ரோல் சொட்டாது, புகைபோலப் பீய்ச்சும். பக்கத்திலேயே டர்போவும் எக்ஸாஸ்டும் கொதித்துக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போவதால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாசனையே தெரியாமல் போகலாம். வாசனையை நம்பி ஓட்டுங்கள் என்று சொன்னவர் போனெட்டைத் திறந்து பார்த்தவராக இருக்க முடியாது.

சிவா: இன்னொன்று. நம் பாதை எது? டர்பனில் கடல் மட்டத்தில் தொடங்கி வான் ரீனன் கணவாய் உச்சிக்குப் போவதற்குள் ஏறக்குறைய 1,700 மீட்டர் ஏறுகிறோம். ஏழு பேர், பெட்டிகள், சீர்வரிசைத் தட்டுகள், மேலே ஏசி வேறு. இன்ஜின் மிக அதிகமாகச் சூடாகிற நாள் அதுதான். நம் சேட்ஸ்வொர்த்துக்குள் கடைக்குப் போய் வருகிற கணக்கை இதற்குப் போடாதே.

லோகா: தம்பி, ஃபோர்டு கூகா கார் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வண்டியாக எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் தனித்தனி விபத்து என்றே நினைத்தோம். 2017 ஜனவரியில்தான் ரீகால் அறிவித்தார்கள்.

தேவன்: ஃபோர்டு கூகா 1.6. இந்த நாட்டில் மட்டும் 4,556 வண்டிகள். குளிர்விக்கும் நீர் சரியாகச் சுற்றாமல் சூடேறி, இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுந்து, எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது என்று கம்பெனியே சொன்னது. பிறகு தேசிய நுகர்வோர் ஆணையத்துடன் ஒப்பந்தம் போட்டு 35 மில்லியன் ராண்ட் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டார்கள்.

லோகா: அதற்கு முன்பே தாங்கள் பட்டதை ஊரெல்லாம் சொன்ன கூகாக்காரர்கள் எத்தனை பேர்! கேட்க ஆள் இல்லை. இப்போது கம்பெனியே முன்வந்து ஆபத்து என்று எழுதி அனுப்பியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யோசிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மோகன்: அக்கா, நான் அலட்சியமாக இல்லை. மாதாமாதம் தவணை கட்டுகிறேன். அந்தக் காரை நிறுத்திவிட்டு இன்னொன்றை வாடகைக்கு எடுப்பது எப்படி என்றுதான் யோசிக்கிறேன்.

வனிதா: ரீகால் மட்டுமா அண்ணி? மழை பெய்தால் ரிவர்ஸ் கேமரா இருண்டுபோகிறது. ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது நெரிசலில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் பின்னால் போகிறது. பின்னால் டாக்சி ஒட்டி நிற்கும், எனக்கு உயிரே போகும். கொண்டுபோய் விட்டால் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம் என்று சாவியைக் கையில் கொடுக்கிறார்கள்.

சிவா: வனிதா அம்மா, மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்திவைக்க வேண்டாம். பிரேக்கை அழுத்தியே வையுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது தானே கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், வண்டி நகர்ந்து நகர்ந்து போனால் அது சூடாகிவிடும். ஆனால் குலுங்குவதும் பின்னால் போவதும் ஓட்டுகிறவர் குற்றம் என்று அவர்கள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிரியா: இப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். மாமா, இரண்டையும் கலக்காதீர்கள். ரீகால் ஒரு வழி, கேமராவும் கியரும் இன்னொரு வழி.

பிரியா: ரீகால் வேலை முழுக்க இலவசம். உங்களிடம் ஒரு சென்ட் கேட்கக் கூடாது. வாரண்டி முடிந்திருந்தாலும் அப்படித்தான்.

பிரியா: மற்றக் குறைகளுக்கு 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிரிவு 56. பொருளை வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு. பழுது பார்த்த 3 மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் மாற்றித் தரவோ பணம் தரவோ வேண்டும். ஆனால் சின்னச் சின்ன எரிச்சலுக்கெல்லாம் இது பொருந்தாது, குறை பெரியதாக இருக்க வேண்டும். மேட்டில் பின்னால் உருளுவதைப் பெரிய குறை என்று வாதாடலாம். மாமி, ஒவ்வொரு முறை வண்டியை விட்டபோதும் ஜாப் கார்டு (செய்த வேலையை எழுதித் தரும் தாள்) வாங்கினீர்களா?

வனிதா: ஒரு தாளும் தரவில்லை.

பிரியா: கேட்டு வாங்குங்கள். கொடுத்தது என்ன, செய்தது என்ன, எந்தத் தேதி என்று எழுத்தில் இல்லாவிட்டால் ஒம்புட்ஸ்மன் (புகார்களைக் கேட்டுத் தீர்த்துவைப்பவர்) அலுவலகத்தில் நம் பேச்சு நிற்காது. மோட்டார் துறை ஒம்புட்ஸ்மன் என்று பிரிட்டோரியாவில் இருக்கிறார்கள். முதலில் ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் எழுத வேண்டும், பதில் திருப்தியில்லை என்றால் அங்கே போகலாம். கட்டணம் கிடையாது.

தேவன்: கேமரா விஷயம் சின்னது என்று விட்டுவிடாதீர்கள் மாமி. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். அதனால் திரை இருண்டால் அங்கே அதற்கே ரீகால் போடுகிறார்கள். வாசலில் பிள்ளைகள் விளையாடுகிற வீடு நம் வீடு.

ருக்மணி பெரியம்மா: தேவா, நீ போன வருஷம் வாங்கிய பழைய கார்? அதற்கும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாயா?

தேவன்: பார்க்கவில்லை பெரிய ஆயா. எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லையே.

சிவா: உனக்கு எப்படி வரும்? முதலில் வாங்கியவர் முகவரிக்குத்தான் போயிருக்கும். அவர் வீடு மாறியிருந்தால் அதுவும் போய்ச் சேராது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கைப் பார். 17 எழுத்தும் எண்ணுமாக சேசிஸ் எண் இருக்கும். அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்தும் வராது. படித்துப் பார்த்து கம்பெனி இணையதளத்தில் போடு.

சிவா: உன்னுடையது பழைய மாடல், அதனால் டகாடா கம்பெனி செய்த ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பார். பையை ஊதிவிட உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடிபொருள் வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும். பிறகு ஏர்பேக் விரியும்போது அதன் உலோகக் கூடே சிதறி ஓட்டுகிறவர் கழுத்தில் பாயும். டர்பன் வெயிலும் புழுக்கமும் அதற்கு எப்படிப்பட்ட ஊர் என்று நீயே யோசி.

தேவன்: இப்போதே போய்ப் பார்க்கிறேன் தாத்தா.

மோகன்: சரி. நான் கார் எடுக்கவில்லை. ஆனால் ஏழு பேரையும் எப்படிக் கொண்டுபோவது?

லோகா: என் காரில் நால்வர் வரலாம். மற்றவர்களுக்கு ஒரு கோம்பி வேன் வாடகைக்குப் பேசுகிறேன், பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நம் தெருவில் கோயில் திருவிழாவுக்கு ஆள் ஏற்றுகிறவர் நல்ல மனிதர், மெதுவாக ஓட்டுவார்.

சிவா: அவரை எனக்குத் தெரியும். புறப்படுவதற்கு முன் டயரையும் பிரேக்கையும் நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். கோம்பி என்றாலே எல்லாம் சரி என்று இல்லை.

பிரியா: மோகன் மாமா, வாடகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இன்றைக்கே ஷோரூமுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஓட்டலாம் என்று போனில் சொன்னதை எழுத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள், மாற்றுக் கார் கேளுங்கள். போனில் பேச வேண்டாம்.

மோகன்: அனுப்பிவிட்டேன்.

தேவன்: டிஸ்க்கிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டேன். பயணி பக்க ஏர்பேக் ரீகாலில் இருக்கிறது. முன் இருக்கையில் அம்மாவைத்தான் எப்போதும் உட்கார வைப்பேன்.

லோகா: அது மாற்றும்வரை நான் பின்னால் உட்காருகிறேன். நீ அந்த வண்டியை வேலைக்கும் எடுக்காதே. பஸ்ஸில் போ.

ருக்மணி பெரியம்மா: கோம்பி எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் ஹாரிஸ்மித்தில் நிறுத்தி எல்லாரும் இறங்கிக் காப்பி குடியுங்கள். அங்கிருந்து எனக்கு ஒரு போன்.

மோகன்: பதில் வந்துவிட்டது. திங்கட்கிழமை அவர்களே வந்து இழுவை வண்டியில் காரை எடுத்துக்கொண்டு போகிறார்களாம். குழாய் மாற்றும்வரை மாற்றுக் கார் தருகிறார்கள். ஓட்டலாம் என்று சொன்னதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வனிதா: கேமராவும் கியரும்?

மோகன்: அதற்கும் பதில் இல்லை.

பிரியா: அதைத் தனி மின்னஞ்சலாக எழுதுவோம் மாமி. இன்றிரவு வரைவு அனுப்புகிறேன். கேமரா இருண்டபோது எடுத்த வீடியோ ஏதாவது கைப்பேசியில் இருந்தால் அனுப்புங்கள், அழித்துவிடாதீர்கள்.

வனிதா: இருக்கிறது. இதோ அனுப்புகிறேன்.