முன்கண்ணாடியில் விரிசல்: கல்லா, வெயிலா?

பாளையங்கோட்டைக்காரன்
ஞாயிற்றுக்கிழமை வள்ளியூரில் ஒரு கல்யாணம். மண்டபத்து வேப்பமர நிழலை முகூர்த்தத்துக்கு முன்பே வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். என் கார் மூன்று மணி நேரம் சித்திரை வெயிலில் காய்ந்தது. பந்தி முடிந்து கிளம்பும்போது ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. ஏசியை முழு வேகத்தில் வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கமும் திருப்பினேன். நாங்குநேரி நெருங்கும்போது முன்கண்ணாடியின் இடது பக்கம், அடியிலிருந்து ஒரு கோடு. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று என் மனைவி துடைக்கப் போனாள். மூன்றடைப்பு வருவதற்குள் அது ஒரு சாண் நீளமாகிவிட்டது.

கல் பட்ட சத்தம் எதுவும் கேட்கவில்லை. பின்னால் இருந்த மைத்துனர் மட்டும், "கல்தான் அத்தான், நீங்கள் பாட்டில் மூழ்கியிருந்தீர்கள்" என்கிறார். பாட்டு ஓடவே இல்லை. கார் 2018 மாடல், ஒருவர் ஓட்டிய பிறகு நான் வாங்கியது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? காப்பீட்டுக்கு என்ன எழுதுவது?

தென்காசி வண்டி
வெயில்தான், சந்தேகமே வேண்டாம். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்காற்றை அடித்தால் என்ன ஆகும்?

டிப்பர் ஓட்டியவன்
வெயிலில் நிற்கிற கண்ணாடியெல்லாம் வெடித்தால் நம் மாவட்டத்தில் ஒரு கார் மிஞ்சாது. ஜல்லி வண்டிக்குப் பின்னால் போயிருப்பீர்கள். பின்சக்கரத்தில் டயர்கள் இரண்டிரண்டாக இருக்கும். நடுவில் சிக்கிய கல் வேகத்தில் தெறிக்கும். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். அந்தக் கல் சும்மா எழும்பினாலும் போதும், நாம் போய் அதில் மோதுவோம்.

தச்சநல்லூர் கண்ணாடிக்காரர்
அண்ணாச்சி, யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், கண்ணாடியைக் கேளுங்கள். விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பேனா முனையை அதன் மேல் மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது குழியில் தட்டினால் அது கல் பட்ட இடம். குழியே இல்லாமல், ஓரத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பியிருந்தால் வெப்பம், அல்லது கண்ணாடி சட்டத்தில் சரியாக உட்காராத இறுக்கம்.

வைப்பரைத் தூக்கிப் பாருங்கள். அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பிறகு மூலையில் அச்சிட்ட முத்திரையைக் கதவுக் கண்ணாடிகளின் முத்திரையோடு ஒப்பிடுங்கள். கம்பெனி வேறாக இருந்தால் முன்கண்ணாடி மாற்றியதாக இருக்கலாம். அதுவரை குளிர்ந்த நீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தவும் வேண்டாம், உள்ளே காற்று அழுத்தி விரிசல் இன்னும் ஓடும்.

பாளையங்கோட்டைக்காரன்
பார்த்துவிட்டேன். முத்திரை வேறு! விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைப்பர் படுத்திருக்கும் இடத்துக்குக் கீழே, கறுப்புப் பட்டை தொடங்குமிடத்தில், கடுகளவு குழி இருக்கிறது. பேனா நன்றாகவே தட்டுகிறது. அதைப் பார்த்ததும் என் மனைவிக்கு நினைவு வந்தது. பங்குனிக் கடைசியில் ராதாபுரம் சாலையில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போகும்போது 'டிக்' என்று கேட்டது. இறங்கிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. வைப்பரைத் தூக்க யாருக்குத் தோன்றும்?

தச்சநல்லூர் கண்ணாடிக்காரர்
அப்படியானால் முடிந்தது. கல் அன்றைக்கே அடித்துவிட்டது, விரிசல் ஞாயிற்றுக்கிழமை ஓடியது. ஏசி காற்று முதலில் படுவது கண்ணாடியின் அடிப்பகுதி. குளிர்ந்த இடம் சுருங்கப் பார்க்கும், சுற்றியிருக்கும் சூடான கண்ணாடி விடாது. அந்த இழுபறியில் பழைய குழி வாய் திறந்துவிட்டது. ஓரத்துக்கு அருகில் விழும் குழி சீக்கிரம் ஓடும் என்பதும் சேர்ந்துகொண்டது.

உட்பக்கம் நகத்தால் தடவுங்கள், வழவழப்பாக இருக்கும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளோடு ஒட்டியது. உங்களுடையதில் வெளித்தகடு மட்டும் போயிருக்கும். குழியாக இருந்தபோதே வந்திருந்தால் குழியை நிரப்பும் ரெசின் பிசினை ஏற்றிச் சரிசெய்திருப்பேன். ஓரத்தைத் தொட்டு ஒரு சாண் ஓடியதற்கு அது நிற்காது. மாற்றத்தான் வேண்டும்.

டிப்பர் ஓட்டியவன்
நான் சொன்னேன் அல்லவா!

தென்காசி வண்டி
பாதி நானும் சொன்னேன்.

பாளையங்கோட்டைக்காரன்
காப்பீடு?

தச்சநல்லூர் கண்ணாடிக்காரர்
முழுக் காப்பீடு இருந்தால் கல் பட்டது என்று உள்ளதையே எழுதுங்கள். குழியைப் படம் எடுத்துவையுங்கள், காப்பீட்டுக் கம்பெனி ஆய்வாளர் பார்க்கும் முன் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். 1500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயப் பிடித்தம், அதாவது நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, 1000 ரூபாய். ஆனால் இந்த ஆண்டு கிளெய்ம் எடுத்தால் புதுப்பிக்கும்போது கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி போய்விடும். உங்களுக்கு அது 50 சதவீதத்தில் நிற்கிறது என்றால், கண்ணாடி விலையையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாற்றும்போது சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முன்னே ஒருமுறை கழற்றியிருந்தால் அங்கே பெயிண்ட் உரிந்திருக்கலாம். பசை காய்வதற்கு எவ்வளவு நேரம் சொல்கிறார்களோ அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

பாளையங்கோட்டைக்காரன்
கணக்குப் போட்டேன், கைக்காசிலேயே மாற்றப் போகிறேன். மிக்க நன்றி அண்ணாச்சி. கல்தான் என்பதை மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை.