சுங்கை சிப்புட் வாசகசாலைக்கு ஜாஸ் இசைத்தட்டு: எதை முதலில் வாங்கலாம்?

கிராணிமகன்:
வணக்கம். எங்கள் வாசகசாலைக்கு ஒரு பெரியவர் தன் டர்ன்டேபிளையும் ஆம்ப்ளிஃபயரையும் கொடுத்திருக்கிறார். கூட வந்தவை எல்லாம் பழைய தமிழ்ப் படப் பாட்டுத் தட்டுகள். ஜாஸ், ஃபியூஷன் (ஜாஸோடு வேறு இசை கலந்தது) தட்டுகளும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று செயற்குழுவில் ஒப்புக்கொண்டார்கள். கையில் 600 ரிங்கிட் இருக்கிறது. நாலு புதுத் தட்டு வாங்கலாம், மிஞ்சினால் ஐந்து. கேட்கப்போவது இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும், சாயங்காலம் பேப்பர் படிக்க வரும் தோட்டத்துப் பெரியவர்களும். எதை வாங்கலாம், ஏன் என்று சொல்லுங்கள்.

உறுமிக்காரன்:
முதல் தட்டு சக்தி என்கிற குழுவுடையது. 1976இல் வந்த அந்த முதல் ஆல்பம்தான். ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். நியூயார்க் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் 1975இல் நேரடியாகப் பதிவு செய்தது. முதல் உருப்படி 'ஜாய்' பதினெட்டு நிமிடம் ஓடும்.

நம் பிள்ளைகள் தைப்பூசத்துக்குக் காவடி முன்னால் உறுமி அடித்து வளர்ந்தவர்கள். நடை மாறினால் அவர்கள் காலுக்கு உடனே தெரியும். அவர்களிடம் மெல்லிய பியானோவை முதலில் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

பழையதட்டு:
தம்பி, சக்தி பெரிய இசை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஜாஸ் என்று கேட்டு வருகிற பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959, எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், அவ்வளவுதான் பதிவு. சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பியானோவில் பில் எவன்ஸ், எல்லாரும் ஒரே அறையில். எக்காளம் என்ன பேசுகிறது, சாக்ஸபோன் அதற்கு என்ன பதில் சொல்கிறது, பேஸ் எப்படி நடந்துகொண்டே இருக்கிறது என்பதை ஒரு புதுக் காது பிரித்துக் கேட்க இதைவிடத் தெளிவான தட்டு இல்லை. சக்தியை முதலில் கேட்டால் கடத்தையும் மிருதங்கத்தையும் மட்டும் கேட்டுவிட்டு, ஜாஸ் என்றால் இதுதான் என்று போய்விடுவார்கள்.

இன்னொன்று, பழைய அச்சு வாங்காதீர்கள். பதிவன்று ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியதால் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பல வருடம் சுருதி கூடியே ஒலித்தன. 90களில்தான் திருத்தினார்கள். திருத்திய அச்சுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

சுருதிப்பெட்டி:
அந்தச் சுருதி விஷயம் எங்களைப் போன்றவர்களுக்கு மிக முக்கியம் அண்ணே. நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள், மாணவர்களைத் தட்டோடு சேர்ந்து வாசிக்கச் சொல்வேன்.

நானும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பக்கம்தான். முதல் உருப்படி 'ஸோ வாட்' எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 16 பார் (மேற்கத்திய இசையில் தாளச் சுற்று) ஒரே ஸ்கேல். சுரக் கணக்கில் அது நம் கரகரப்பிரியா ராகம். அடுத்த 8 பாரில் அதே சுரங்கள்தான், ஆனால் ஷட்ஜமே அரைச் சுரம் மேலே போய்விடும். பிறகு 8 பார் பழைய இடம். ஆதார சுருதி அசையாத சங்கீதத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த எட்டு பார் தரை நகர்கிற மாதிரி இருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும் வில் அங்கே தானாக நின்றுவிடும்.

உறுமிக்காரன்:
டீச்சர், நீங்களும் கரகரப்பிரியாவைச் சொல்லித்தானே உள்ளே கூட்டிப்போகிறீர்கள்? நான் கடத்தைச் சொல்லிக் கூட்டிப்போகிறேன். என்ன வித்தியாசம்?

சுருதிப்பெட்டி:
கரகரப்பிரியா எந்த இடத்தில் கைவிடுகிறது என்று காட்டத்தான் அதைச் சொன்னேன். சக்தியில் நம் காது எங்கேயும் தடுக்கி விழுவதில்லை. எனக்கு அந்தத் தடுக்கல் வேண்டும்.

உறுமிக்காரன்:
தடுக்கல் இல்லை என்று யார் சொன்னது? மெக்லாக்லின் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் என்பது உண்மை. அதற்கு முன்னால் 1969இல் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' பதிவில் வாசித்தவரும் அவர்தான். அதில் அவர் பெயரிலேயே ஒரு உருப்படி இருக்கிறது. அப்புறம் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்கிற அவருடைய ஜாஸ்-ராக் குழு. மின்சாரக் கிட்டாரில் அத்தனையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் சக்திக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். 'ஜாய்' கேட்கும்போது கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அந்த ஓட்டத்தில் ஜாஸ் இருக்கிறது.

செம்பனைநிழல்:
நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறவன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) ஏன் யார் பட்டியலிலும் இல்லை? வாசகசாலைக்கு வரும் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்று போதும். அப்புறம், ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு பருத்திக் காட்டில் வேலை செய்தவர்களிடமிருந்து வந்தது என்கிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் ரப்பர்க் காட்டிலிருந்து வந்தவர்கள். அந்த உறவைக் காட்டும் தட்டு எது?

பழையதட்டு:
தம்பி, 'ஹவ் டு நேம் இட்' என் வீட்டில் தேய்ந்துபோன தட்டு. அது தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹுக்கும் காணிக்கை. அதில் ஜாஸின் உயிர் இல்லை. எல்லாம் எழுதி வைத்து வாசித்தது, அழகே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஜாஸில் வாசிக்கிறவன் அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். தமிழ்ப் படப் பாட்டு வரிசையில் அதை வையுங்கள், கட்டாயம் வையுங்கள். இந்தப் பணத்தில் வேண்டாம்.

பருத்திக் காட்டு விஷயம். அவர்களை விலைக்கு விற்றார்கள், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்றார்கள். நம்மவர்கள் கங்காணி சொல்லைக் கேட்டுக் கப்பலேறிப் பட்டபாடும் கொஞ்சமல்ல. இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிடாதே. ப்ளூஸ் வேண்டுமென்றால் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலேயே இரண்டு இருக்கிறது. 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ஆல் ப்ளூஸ்' இரண்டுமே பன்னிரண்டு பார் ப்ளூஸ் வடிவம். உட்கார்ந்து எண்ணிப் பார்.

சுருதிப்பெட்டி:
பெரியவர்களுக்கு நான் சொல்வது வேறு தட்டு. ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9, ஒரே நாளில் பதிவு, அடுத்த ஆண்டு வெளிவந்தது. நான்கு பகுதி. கடைசிப் பகுதியின் பெயர் 'சாம்' (Psalm, துதிப்பாடல்). கோல்ட்ரேன் கடவுளுக்கு ஒரு கவிதை எழுதி உறையில் அச்சிட்டிருப்பார். அந்தப் பகுதியில் சாக்ஸபோன் அந்தக் கவிதையை அசை அசையாகச் சொல்லிக்கொண்டு போகும். தாளக்கட்டு கிடையாது, எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் அடியில் உருண்டுகொண்டே இருக்கும். கோயிலில் ஓதுவார் தேவாரம் முடித்து விருத்தம் எடுப்பதைக் கேட்டவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உறையைக் கையில் கொடுத்துவிட்டு ஊசியை வையுங்கள்.

உறுமிக்காரன்:
இதில் உங்களோடு சண்டை இல்லை டீச்சர். 'எ லவ் சுப்ரீம்' இருக்கட்டும். கூடவே அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. பெயரில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிப்பாளையத்துக்காரர். தம்புரா நாதத்தின் மேல் ஹார்ப், அதன் மேல் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். அந்த பேஸ் வரியை ஒரு தடவை கேட்டால் ராத்திரி முழுக்க வாயில் முணுமுணுக்கும்.

செம்பனைநிழல்:
டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' பற்றி யாரும் பேசவில்லையே? 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை. உறுமி அடிக்கிற பையன்களுக்குப் பிடிக்காதா?

உறுமிக்காரன்:
பிடிக்கும், நல்ல கேள்வி. கண்ட சாபு தாளம் நமக்கு இரண்டும் மூன்றும். 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும். அதே ஐந்து, சாய்வு மட்டும் மறுபக்கம். முதலில் கை தடுமாறும். ஐந்தாவது தட்டுக்குப் பணம் மிஞ்சினால் அதையே வாங்குங்கள்.

பழையதட்டு:
ஐந்தாவதுக்கு என் ஓட்டு நம் நாட்டு ஆசியாபீட்டுக்கு. டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் தொடங்கிய குழு. ஆசியாவின் தாள வாத்தியங்களை ஜாஸோடு சேர்த்து இங்கிருந்தே வாசித்தவர்கள். நம் ஊர் வாசகசாலை நியூயார்க்கை மட்டும் வாங்கி வைத்தால் எனக்கு மனசு ஒப்பாது. புதுசாகத் தேடி அலைய வேண்டாம். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் பழைய பொருள் சந்தை போடுவார்கள், அங்கே தட்டுக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

கிராணிமகன்:
எல்லாருக்கும் நன்றி. 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 'எ லவ் சுப்ரீம்', சக்தி முதல் ஆல்பம், 'ஜர்னி இன் சச்சிதானந்தா' நான்கும் உறுதி. ஆசியாபீட் கைக்குக் கிடைத்தால் ஐந்தாவது அது, இல்லாவிட்டால் 'டைம் அவுட்'. முதல் நாள் எதைப் போடுவது?

உறுமிக்காரன்:
'ஜாய்'.

பழையதட்டு:
'ஸோ வாட்'. ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பிள்ளைகள் எழுந்து போனால் நான் பொறுப்பு. அப்புறம் கிராணிமகன், டர்ன்டேபிள் ஊசி எத்தனை வருடப் பழசு என்று அந்தப் பெரியவரிடம் கேளுங்கள். தேய்ந்த ஊசி புதுத் தட்டைக் கெடுத்துவிடும். கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்தியிருக்கும் பகுதி) ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பொருந்துகிற ஊசி ஈப்போவில் பார்க்கிறேன்.