குறுக்குவெட்டில் வட்டத்தசை இல்லை: இது குதிரைமயிர்ப் புழுவா, நூற்புழுவா?

கேள்வி
பெருமாள் பூச்சியின் வயிற்றிலிருந்து வெளிவந்த, ஒரு சாண் நீளமுள்ள கரும்பழுப்புப் புழுவைக் குறுக்காக வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தேன். தடித்த மேலுறைக்கு அடியில் ஓரடுக்குப் புறத்தோலும் அதையொட்டி நீளவாட்டுத் தசைகளும் மட்டுமே தெரிகின்றன. நூற்புழுக்களுக்கும் உடலைச் சுற்றி ஓடும் வட்டத்தசை கிடையாது என்பதால், இது குதிரைமயிர்ப் புழுவா, பூச்சிகளில் வளரும் மெர்மித்திட் நூற்புழுவா என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வது?

பதில் 1
மேலுறையை முதலில் பாருங்கள். குதிரைமயிர்ப் புழுவின் மேலுறையில், உள்ளடுக்கு முழுவதும் பருத்த கொலாஜன் இழைகளால் ஆனது. ஒரே தளத்து இழைகள் இணையாகக் கிடக்க, அடுத்த தளத்து இழைகள் அவற்றைச் சாய்வாகக் குறுக்கிடும். நீளவாட்டுத் தசை சுருங்கும்போது உடல் பருத்துவிடாமல் தாங்குவது இந்த இழையடுக்குதான். மேலுறையில் சிறு துண்டை வெட்டி, உட்புறத் திசுவைச் சுரண்டி நீக்கி, வெளிப்புறம் மேலே இருக்கும்படி கிளிசரினில் வைத்தால் ஏரியோல் எனப்படும் நுண்மேடுகள் தெரியும். பெருமாள் பூச்சியில் வளரும் கோர்டோடஸ் பேரினத்தில் இவை பல வகை: சில எளிய மேடுகள், சிலவற்றின் உச்சியில் மட்டும் நுண்ணிழைகள் கொத்தாக நிற்கும்.

பதில் 2
மேற்கண்ட பதிலோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். குதிரைமயிர்ப் புழுக்களின் மற்றொரு பேரினமான கோர்டியஸில் பல இனங்களின் மேற்பரப்பு ஏறக்குறைய வழுவழுப்பாகவே இருப்பதால், ஏரியோல் தெரியவில்லை என்பதற்காக நூற்புழு என்று எழுதிவிடக் கூடாது. குடலும் உதவாது, மெர்மித்திடுகளில் அது உணவைச் சேமிக்கும் திசுவாகிவிடுகிறது, குதிரைமயிர்ப் புழுவிலோ சிதைந்து மெலிந்து கிடக்கிறது. என் கணிப்பில் உறுதியான சான்று உங்கள் குறுக்குவெட்டிலேயே இருக்கிறது. நூற்புழுவில் புறத்தோல் முதுகிலும் வயிற்றிலும் இரு பக்கங்களிலும் உள்நோக்கித் தடித்துத் தசையைப் பகுதிகளாகப் பிரிக்கும். நன்னீர்க் குதிரைமயிர்ப் புழுவில் வயிற்றுப்புறம் மட்டுமே அவ்வாறு பிரிந்து, அங்கே ஒற்றை நரம்பு வடம் மெல்லிய தகடு ஒன்றால் புறத்தோலோடு இணைந்திருக்கும். தசையணுவையும் உயர் உருப்பெருக்கத்தில் பாருங்கள்: சுருங்கும் இழைகள் அணுவின் விளிம்பைச் சுற்றிலும் அமைந்து, சைட்டோபிளாசம் நடுவில் அடைபட்டிருந்தால் அது குதிரைமயிர்ப் புழுவே. கடலில் வாழும் குதிரைமயிர்ப் புழுவான நெக்டோனீமாவுக்கு இது பொருந்தாது. அதற்கு முதுகுப்புறத்திலும் நரம்பு வடம் உண்டு.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. வயிற்றுப்புறத்தில் ஒரே தடிப்புதான் உள்ளது. தசையணுக்களும் நீங்கள் சொன்னபடியே உள்ளன. முட்டையிட்டால் லார்வாவில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 2
லார்வா ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. குறுக்குச் சுவர் ஒன்று உடலை இரண்டாகப் பிரிக்கும். முன்பகுதியில், மூன்று ஊசிகள் கொண்ட துளைகுழலும் அதைச் சுற்றி மூன்று வளையங்களாகக் கொக்கிகளும் உண்டு. துளைகுழல் உள்ளிழுத்தும் வெளிநீட்டியும் அசைவதை உயிருள்ள லார்வாவிலேயே பாருங்கள், பதப்படுத்திய பின் அது தெரியாது.